ஈரம் காயாத அறை

தேஹ்போலோ
ஏப்ரல் 7, 1983

மெஹ்ரியின் அப்பாவுக்கு,

நான் நலம். மாடு நலம். உங்கள் கூரைதான் நலமாக இல்லை.

நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்து ஏழாம் நாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பெரிய அறையில் நான்கு இடத்தில் ஒழுகுகிறது. ஜன்னலோரம் சூப் கிண்ணம் வைத்திருக்கிறேன், அலமாரிப் பக்கம் வாளி, நடுவில் மாவு பிசையும் தாம்பாளம். நான்காவது இடத்தை நேற்றுதான் கண்டுபிடித்தேன், மெத்தை அடுக்குக்கு நேர் மேலே. மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்துவிட்டேன். இப்போது நானும் பதினாறு மெத்தைகளும் ஒரே இடத்தில் குடித்தனம். ஒன்றும் மோசமில்லை, உங்கள் குறட்டை இல்லாததால் இடம் போதுகிறது.

ஆனால் மே கடைசி வாரம் மெஹ்ரிக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வர வேண்டும். தலைப்பிள்ளை, நாற்பது நாள் தாய் வீடு. பச்சைக் குழந்தையை அடுப்பங்கரைப் புகையில் போட முடியாது. இருக்கிற ஒரே அறை அந்தப் பெரிய அறை, அதன் சுவரில் கை வைத்தால் கை நனைகிறது.

போன வாரம் மருந்துக் கடையில் சம்பந்தியம்மா ஸுலைகோவைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "இந்த மழையில உங்க வீடு எப்படி இருக்கு? ஈரமா இருந்தா சொல்லுங்க, பொண்ணு எங்க வீட்லயே இருக்கட்டும்." எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "எங்க வீட்ல ஒரு சொட்டு ஒழுகல, ஆப்ரிகாட் பழம் பரப்பி வெச்சா காஞ்சுடும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டினேன்.

அக்டோபரில் நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது, நினைவிருக்கிறதா? அந்த நான்கு நாளும் நீங்கள் உங்கள் மேலாளர் ஃபைஸுல்லோவின் கூரையில் ஏறி வைக்கோல் மண் பூசினீர்கள். அவர் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையாம். அவர் மனைவியே சிரித்த முகத்தோடு சொன்னாள்.

கூரை காய மூன்று நாள் வெயில் வேண்டும், மண் பூசிய பிறகு இன்னும் நான்கு நாள். அவ்வளவுதான் நான் கடவுளிடம் கேட்பது. உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

ஹோசியத்

•

கணவாய் முகாம்
ஏப்ரல் 13

மெஹ்ரியின் அம்மாவுக்கு,

ரொட்டி லாரிக்காரன் மிராலி உன் கடிதத்தோடு சேர்த்து உன் கோபத்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இரண்டும் நனையாமல் வந்து சேர்ந்தன.

அங்கே மழை என்றால் இங்கே பனி. காலையில் புல்டோசரால் தள்ளிய இடம் மதியத்துக்குள் மறுபடி மூடிக்கொள்கிறது. ஆறு பேரும் ஒரே தகர வண்டிக்குள் அடைந்து கிடக்கிறோம். நடுவில் அடுப்பு, அதைச் சுற்றி ஈரச் சாக்ஸ். சமையல்காரன் தோலிப் தினமும் மாவுக் கஞ்சிதான் வைக்கிறான். சூரியனைப் பார்த்துப் பத்து நாள் ஆகிறது. இருந்தாலும் தேநீர் சூடாகக் கிடைக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

கூரை விஷயத்தை எழுதுகிறேன். மழை கொஞ்சம் விடும்போது மேலே ஏறி, ஒழுகுகிற இடத்தில் சாம்பலும் காய்ந்த மண்ணும் கொட்டிக் காலால் நன்றாக மிதி. நீ ஏற வேண்டாம், அண்ணனைக் கூப்பிடு. குர்போன் அண்ணன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார். அவரிடம் பேசுவதற்கு அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று யோசிக்காதே.

மிராலியிடம் ஒரு தார்ப்பாய் கொடுத்தனுப்புகிறேன். புல்டோசர் மூக்கை மூடி வைத்திருந்தது. மேலாளருக்குத் தெரியாது.

அக்டோபரைப் பற்றி நேரில் பேசலாம்.

யோத்கோர்

•

தேஹ்போலோ
ஏப்ரல் 21

மெஹ்ரியின் அப்பாவுக்கு,

தார்ப்பாய் வந்தது. டீசல் நாற்றத்துக்கு மாடு இரண்டு நாள் என்னைக் கிட்ட விடவில்லை. நானே ஏறித்தான் விரித்தேன், நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அன்று மதியமே காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் உங்கள் அண்ணி ஷரோஃபத் அக்காவின் தந்தூர் அடுப்பு மேல் போட்டது. அவள் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தாள்.

திட்டுவாள் என்று சுவரோரம் காத்து நின்றேன். அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் நான்காக மடிக்கப்பட்டுச் சுவர் மேலிருந்து இந்தப் பக்கம் விழுந்தது. உங்கள் அப்பா கட்டிய ஒரே வீட்டை இரண்டாக்கிய சுவர். அதற்கு இரண்டு பக்கமும் ஓரகத்திகள் இருவர் மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறோம். நம் கூரை மழைநீர் வடியும் பீலி அவள் முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று அபாண்டமாகச் சொன்னவள் அவள். மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் அவள்தான். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு செய்தி. செவ்வாயன்று தெருப் பெண்கள் எல்லோரும் நம் மாட்டுக் கொட்டகையில் கூடினோம், அங்கேதான் ஒழுகவில்லை. நாற்பது வழுக்கைத் தலைகளின் பெயர் சொல்லி, பெயருக்கு ஒரு முடிச்சாக நூலில் போட்டு மரத்தில் கட்டினால் மழை நிற்குமே, அதைச் செய்து பார்ப்போம் என்று. உங்களுக்குத் தெரியாது, இந்த ஊரில் எத்தனை தொப்பிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் வெளிவந்தது. முப்பத்தொன்பது கிடைத்தது. நாற்பதாவது பெயர் யாருக்கும் வரவில்லை. எல்லோரும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள், அதுவரை ஒழுகாத கொட்டகையிலும் என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அக்டோபர் ஞாபகம் வந்தது. உங்கள் பெயரைச் சொல்லி முடிச்சைப் போட்டுவிட்டேன்.

கட்டிய அன்று மழை இரட்டிப்பாகிவிட்டது.

ஹோசியத்

•

கணவாய் முகாம்
ஏப்ரல் 29

ஹோசியத்,

இங்கே செய்தித்தாள் வருவதில்லை. அதனால் ஒருவனுக்குக் கடிதம் வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரி. உன் கடிதத்தைத் தோலிப்தான் சத்தமாகப் படித்தான், என் கையில் எண்ணெய் என்று நானே கொடுத்தேன். ஐந்து நாளாக என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாற்பதாவது, டீ குடிக்க வா" என்கிறார்கள். மேலாளர்கூட.

எனக்கு வழுக்கை இல்லை. நெற்றி கொஞ்சம் பெரியது, பின்னால் ரூபிள் காசு அளவு ஒரு இடம், அவ்வளவுதான். அது உனக்கே தெரியும். தெரிந்தே செய்திருக்கிறாய். ஒரு முடிச்சு பொய்யானால் மழை கூடும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இப்போது ஊர் முழுக்க நனைவது என் தலையால் என்று ஆகிவிட்டது.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

யோத்கோர்

எழுதி மூடிவிட்டு மறுபடி திறந்தேன். உத்திரத்தைப் பார்த்தாயா? கிழக்கிலிருந்து மூன்றாவது உத்திரத்தில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதன் கீழே நிற்காதே, ஒரு மரத்தை முட்டுக் கொடுக்கச் சொல்.

இன்னொன்று. அக்டோபரில் மேலாளர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். புது புல்டோசர் யாருக்கு என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. நம் கூரை எங்கே ஓடிவிடப் போகிறது, இன்னொரு வெயில் வராதா என்று நினைத்தேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. புது வண்டி எனக்குத்தான் கிடைத்தது. கூரை ஒழுகுகிறது.

•

தேஹ்போலோ
மே 6

மெஹ்ரியின் அப்பாவுக்கு,

கோபம் தீர்ந்துவிட்டதா? எனக்குத் தீர்ந்துவிட்டது. அக்டோபர் விஷயத்தை நீங்களாகச் சொன்னீர்களே, அது போதும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். போன சனிக்கிழமை முற்றத்தில் தண்ணீர் வாரிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மூன்று வருடம் கேட்காத குரல்.

"ஹோசியத், ஏன்டி இப்படி ஊரை மூழ்கடிக்கிற? என் கொழுந்தனுக்கா வழுக்கை?"

நான் வாளியோடு அப்படியே நின்றேன். வேறு யார் பெயரைப் போடச் சொல்கிறாய் என்று கேட்டேன். 

"உங்க மாமாவைப் போடு. அந்தத் தொப்பியைக் கழட்டினா உள்ள தர்பூசணி. இருபத்தஞ்சு வருஷமா நான் ஒருத்திதான் பார்க்கறேன், ஊரும் தெரிஞ்சுக்கட்டும்."

உங்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டு உங்கள் அண்ணன் பெயரில் போட்டோம். ஞாயிறு காலை மழை விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குர்போன் மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, பிறகு தானாகவே வந்து கூரை ஏறினார். ஏறி இறங்கி வந்து, மூன்றாவது உத்திரம் விரிந்துவிட்டது என்றார். முட்டுக் கொடுத்தார். வைக்கோலை வெட்டி மண்ணில் போட்டுக் குழைத்தோம், ஷரோஃபத் அக்காவும் முழங்கால் வரை சேற்றில் இறங்கி மிதித்தாள். புதன் மதியம் பாதிக் கூரை பூசியபோது மறுபடி மழை வந்து பூசியதை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்றைக்கு நான் அழுதேன். மழைக்காக அழுதேனா, அவள் என் பக்கத்தில் நின்றதற்காக அழுதேனா, தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் கீரை அடைத்துச் சுட்ட சம்பூசா கொண்டுவந்து வைத்தாள். எட்டு தின்றேன்.

பீலி விஷயம் உங்களுக்கும் தெரியும்தானே? அது நேராக அவள் தந்தூர் மேல்தான் கொட்டுகிறது. தேங்குகிற தண்ணீர் நம் பக்கம் வேண்டாம் என்று நான்தான் உங்களைத் திருப்பி வைக்கச் சொன்னேன். மூன்று வருடமாக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை என்று காத்திருந்தவள் நான். பீலியைத் திருப்பிவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "சரி விடு, ரொட்டிதானே நனைஞ்சுது" என்றாள்.

இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அறை ஒரு சாண் அளவுகூடக் காயவில்லை. சம்பந்தியம்மாவிடம் நான் சொன்ன பொய்யை இனி எப்படித் திரும்ப எடுப்பேன்?

ஹோசியத்

•

கணவாய் முகாம்
மே 14

ஹோசியத்,

எனக்கு வழுக்கை இல்லை என்று உன் கடிதத்தை இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அண்ணியின் வார்த்தையை யாராலும் மறுக்க முடியவில்லை.

பீலி எனக்குத் தெரியும். திருப்பி வைத்தவனே நான்தானே. உன்னோடு சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் என் தப்புதான்.

உத்திரம் விரிந்தது என்று படித்ததும் மேலாளரிடம் நாலு நாள் விடுப்புக் கேட்டேன். இரண்டு புல்டோசருக்கு இரண்டு ஓட்டுநர்கள், இன்னொருவன் காய்ச்சலில் கிடக்கிறான். "நீ போனா வண்டியை யாரு ஓட்டுவா? தோலிப்பா? அவன் கஞ்சியையே தீய விடறான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உன் வீட்டுக் கூரையும் பூசணும்னு அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடா" என்று கேட்டார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கணவாய் திறக்காமல் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மாவு போகாது. நான் வர முடியாது, ஹோசியத்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மெஹ்ரி இந்த முறை மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும். ஸுலைகோ நல்ல மனுஷி. ஈரச் சுவருக்குள் குழந்தைக்குச் சளி பிடித்தால் அப்புறம் நம் கௌரவத்தை வைத்து என்ன செய்வது? பொய் சொன்னதை ஒத்துக்கொள்வது கஷ்டம்தான். நான் ஒத்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவு வலிக்கவில்லை.

யோத்கோர்

•

தேஹ்போலோ
மே 23

தாத்தாவுக்கு,

ஆமாம், தாத்தா. பத்தொன்பதாம் தேதி காலை, பேத்தி. ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். மூன்று கிலோ இருநூறு. மெஹ்ரி நலம். தலை நிறைய முடி, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதம் முந்தின நாள்தான் வந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று தீர்மானித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். ஷரோஃபத் அக்காவும் கூட வந்தாள். வெளியே அப்படி மழை. சம்பந்தியம்மா மெஹ்ரியின் அறை வாசலிலேயே நின்றிருந்தார். "ஈரத்துல எதுக்கு அவ்ளோ தூரம், எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். எங்கள் அறை ஒழுகுகிறது, நான் சொன்னது பொய் என்று சொல்லத்தான் திறந்தேன்.  மெஹ்ரி கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கே வர ஆசை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஷரோஃபத் அக்காதான் முன்னால் வந்தாள். "பொண்ணு அவ தாத்தா கட்டின வீட்டுக்கு வரா. ரூம் சூடா, காஞ்சு கிடக்கு. நேத்தே அடுப்பு போட்டுட்டேன்" என்றாள்.

அவளுடைய அறை, புரிகிறதா? எனக்கே வழியில்தான் சொன்னாள். குர்போன் மாமாவை அவருடைய படுக்கையிலிருந்து எழுப்பி அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட்டிருக்கிறாள். அவர் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்து எல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் தெருவைச் சுற்றி மழையில் நடந்து நடந்து கஞ்சி கொண்டுபோவதை முதல் நாளே பார்த்தார். மறுநாள் கடப்பாறையை எடுத்து நடுச்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி உடைத்துவிட்டார். இப்போது குனிந்து நுழைந்தால் ஐந்து அடியில் பேத்தி.

மழை இன்னும் விடவில்லை. எனக்கு அது காதிலேயே விழுவதில்லை.

ஹோசியத்

•

கணவாய் முகாம்
மே 31

பாட்டிக்கு,

செய்தி வந்த அன்று தோலிப் கஞ்சிக்குப் பதிலாகப் புலாவ் செய்தான், வைத்திருந்த கடைசி ஆட்டுக் கொழுப்பைப் போட்டு. மேலாளர் மூன்று முறை என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு புல்டோசர் ஓட்டுநர் அழக் கூடாது என்று சட்டம் இல்லை என்று அவரே சொன்னார்.

நேற்றிலிருந்து இங்கே வெயில். பனியில் கண் கூசுகிறது, தகர வண்டியின் கூரை மேல் ஆறு பேரின் சாக்ஸும் காய்கிறது. அங்கேயும் அடிக்கிறதா? ஜூன் எட்டுக்குள் கணவாயைத் திறந்துவிடுவோம், ஒன்பதாம் தேதி நான் வீட்டில்.

ஒரே ஒரு வேண்டுகோள். கூரையை யாரையும் தொட விடாதே. எத்தனை நாள் வெயில் அடித்தாலும் சரி. வைக்கோலை மட்டும் வெட்டி வைக்கச் சொல். மண் குழைப்பது, பூசுவது, உத்திரம் மாற்றுவது எல்லாம் நான்தான் செய்வேன். இந்த வசந்தம் முழுவதும் அந்தக் கூரை என் நெஞ்சின் மேல்தான் ஒழுகியது. வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஏணியில் ஏறுவேன். அதைச் செய்யாமல் பேத்தியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

யோத்கோர்

•

தேஹ்போலோ
ஜூன் 6

மெஹ்ரியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. நேரம் கடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலை கண் விழித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சொட்டுச் சத்தம் இல்லை. வெளியே வந்தால் வெயில். தெரு முழுக்க எல்லோரும் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், எவ்வளவு வெளுத்துப் போயிருந்தோம் தெரியுமா! மூன்றாம் நாள் கூரை காய்ந்ததும் குர்போன் மாமா தெருவில் ஒரு குரல் கொடுத்தார். பதினெட்டு பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். உங்கள் மேலாளரின் மனைவி வைக்கோலும் ஒரு புதுப் பாப்ளர் உத்திரமும் அனுப்பியிருந்தாள். சாயங்காலத்துக்குள் உத்திரம் மாற்றிப் பூசி முடித்துவிட்டார்கள். நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

நேற்று சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். ஷரோஃபத் அக்கா வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, நான் தடுப்பதற்குள் சுவர் வழியில் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெரிய அறைக்குள் போனார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக் கறை அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? மருந்துக் கடையில் சொன்னது பொய், ஏப்ரல் முதல் நான்கு இடத்தில் ஒழுகியது என்று சொல்லிவிட்டேன்.

அவர் மெத்தை மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"எங்க வீட்ல ஏழு இடம்" என்றார். "சம்பந்தியாச்சே, கேக்காம இருக்க முடியுமா? கேட்டுட்டு, நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான்."

இருவரும் அந்த ஈர அறையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டாள். மெஹ்ரி வந்து திட்டினாள்.

அறை காய்ந்துகொண்டிருக்கிறது. அது காய்ந்தாலும் நாற்பது நாளும் பெரியம்மா வீட்டில்தான் இருப்பேன் என்கிறாள் மெஹ்ரி. இருக்கட்டும்.

மிராலி நாளை லாரியோடு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் ஏணியில் ஏறுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. சேறு இல்லை, உத்திரம் இல்லை, உங்களுக்கென்று ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டு மாதமாக உங்களைக் கூரைக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எதற்காகவும் கூப்பிடவில்லை.

சும்மா வாருங்கள்.

ஹோசியத்